தூக்குவாளியில் ஒரு மத்தியானம்

மாவிலங்குடியில் பொழுது போகாது என்பது ஊரறிந்த சங்கதி. கிழக்கே போகிற ரயில் மேற்கேயிருந்து வருகிற ரயிலுக்காகக் காத்து நிற்கும், அதிலிருந்து இறங்கி இதில் ஏற வேண்டியவர்கள் பிளாட்பாரத்தில் காத்து நிற்பார்கள், அவர்களுக்கு டீ விற்கலாம் என்று கடை போட்டவர்கள் அவர்கள் எழுந்து வருவதற்காகக் காத்து நிற்பார்கள், இப்படி ஒருத்தருக்காக ஒருத்தர் காத்து நின்றே வளர்ந்த ஊர் எங்களுடையது. யாரைப் பார்த்து எப்படி இருக்கீங்க என்று கேட்டாலும் பொழுதே போகல என்பதுதான் பதிலாக வரும். அப்படிப் போகாத பொழுதெல்லாம் எங்கே கிடக்கிறது என்று நாங்கள் யோசித்ததே இல்லை. போகவில்லை என்றால் இங்கேதானே இருந்தாக வேண்டும் என்று முதலில் கண்டுகொண்டவர் வைரமணி அக்கா.

வைரமணி எங்கள் ஊரில் ஒத்தாசை கலை அறக்கட்டளை என்று ஒன்றை நடத்திவந்தார். ஸ்டேஷனுக்குப் பின்னால் ரயில்வே கைவிட்ட சரக்குக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, வௌவால்களை விரட்டி, வெள்ளையடித்து, தட்டி வைத்து அறை அறையாகத் தடுத்து, வயிற்றுக்கு ஒரு வேலையும் மனசுக்கு ஒரு கலையுமாக அல்லாடுகிறவர்கள் யார் வேண்டுமானாலும் இங்கே வந்து தங்கள் காரியத்தைப் பார்க்கலாம் என்று வாசலில் எழுதிப் போட்டார். மற்ற ஊர் அறக்கட்டளைகள் விருது கொடுக்கும், உதவித்தொகை கொடுக்கும், வெளிநாட்டுக்குக்கூட அனுப்பி வைக்கும். இவரிடம் இருந்தது கிடங்கும், மின்விசிறியும், சுயம்பு என்கிற ஒரே ஊழியரும்தான். கலைஞர்கள் வரத்தான் செய்தார்கள். பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிற தாவீது வந்தார், செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்தபடி நாடகம் எழுதுகிற முபாரக் வந்தார், ஜவுளிக்கடையில் நிற்கிற அமலோற்பவம் வந்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், சன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார்கள், அருமையான இடம் என்றார்கள், நேரம் கிடைக்கும்போது வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நேரம் யாருக்கும் கிடைக்கவில்லை.

சித்திரை மாத வெயிலில் ஒருநாள், ஆளில்லாத கிடங்கில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு முடித்த சுயம்பு, கழுவி வைத்த தூக்குவாளியை முன்னால் திறந்து வைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு கொட்டாவி விட்டு, பொழுதே போகல என்று அதற்குள் சொல்லி மூடியை அழுத்தினார். தூக்கிப் பார்த்தால் வாளி கனத்தது. மறுநாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வைரமணி அந்த மூடியைத் திறந்தார். சுவர்க் கடிகாரம் நின்றது. அவர் கிடங்கு முழுக்கப் பெருக்கினார், அலமாரிகளைத் துடைத்தார், திரைச்சீலைக்குக் கிழிசல் தைத்தார், ஒரு தூக்கம் போட்டு எழுந்தார், அதற்குப் பிறகுதான் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. அடுப்பில் பால் இன்னும் சுடவே இல்லை. வைரமணி ஆச்சரியப்படவில்லை. அறக்கட்டளை நடத்துகிறவர்களுக்கு எதிர்பாராமல் ஏதாவது வந்துசேர்ந்தால் அதை யாருக்குக் கொடுக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சுயம்பு மொபெட்டின் இரண்டு பக்கமும் தூக்குவாளிகளைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு மத்தியான வேளைகளில் தெருத்தெருவாகப் போவார், வாளியைத் திறந்து நீட்டி, பொழுது போகுதா என்று கேட்பார், எங்கே போகுது என்று ஜனங்கள் அதற்குள் சொல்வார்கள், மூடி போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். கொடுத்தவர்களுக்கு அன்றைய மத்தியானம் கண்மூடித் திறப்பதற்குள் சாயங்காலமாகிவிடும், அவர்களும் சந்தோஷமாக எழுந்து காபி போடப் போவார்கள். தொல்லை விட்டது, கலைக்கும் உபகாரம் செய்தாயிற்று. வேலைக்குப் போகிற வழியில் கிடங்குக்கு வருகிற கலைஞர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாளியைத் திறந்தால் உள்ளே ஒரு முழு மத்தியானம் கிடைத்தது, வெளியே வந்தால் வந்த பஸ்சே இன்னும் கிளம்பாமல் நின்றது. பசி மட்டும் முழு மத்தியானத்துக்கும் சேர்த்து எடுத்ததால் வைரமணி வாசலிலேயே இட்லி அவித்து வைத்தார். தாவீதுக்குக் காலையில் மழித்த தாடி வேலைக்குப் போவதற்குள் வளர்ந்துவிடுகிறது என்று அவர் மனைவி குறைப்பட்டுக்கொண்டாள்.

எல்லாப் பொழுதும் ஒரே மாதிரி இருக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் வாங்கிய பொழுது திட்டுத் திட்டாக இருந்தது, அதில் எழுதினால் வாக்கியம் ஓடிப்போய் ஏறிக்கொள்ளப் பார்க்கிறது என்று முபாரக் சொன்னார். தாலுகா ஆபீஸ் வராந்தாவில் பிடித்த பொழுதில் யார் எதைச் செய்தாலும் அதில் ஒரு கோபம் ஏறிவிட்டது, தாவீது அந்தப் பொழுதில் ஒரு தாலாட்டு அமைக்கப் போய் அது கடைசியில் ஊர்வலத்துக்குத்தான் உபயோகப்பட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் வரிசையில் நின்று எங்களுக்கும் போகல என்றார்கள். வைரமணி அவர்களிடம் மட்டும் வாங்க மறுத்துவிட்டார், பிள்ளைகளுக்குப் பொழுது போகாமல் இருந்தால்தான் புது விளையாட்டு வரும் என்பது அவர் கட்சி.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் பிடிக்கவில்லை. சம்பந்தம் பேச வந்த இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன நல்ல பழக்கம் என்று கேட்டால், வாரம் தவறாமல் ஒத்தாசைக்குப் பொழுது கொடுக்கிறான் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. முபாரக்கின் நாடகம் அரங்கேறியபோது இரண்டாவது காட்சி என்னுடைய பொழுது என்று உரக்கடைக்காரரும், இல்லை என்னுடையது, அதில் வருகிற இருமல் என் இருமல் என்று எதிர்க் கடைக்காரரும் நாடகம் முடிகிற வரை சண்டை போட்டார்கள். எங்கள் ஊரில் கலை என்றால் அதுவரை கோயில் கொடைக்கு வருகிற கச்சேரிதான், இப்போது ஆளாளுக்கு ஒரு பங்கு வந்துவிட்டதால் எல்லோரும் ரசிகர்களாகிவிட்டோம், ரசிகர்கள் என்றால் குறை சொல்கிறவர்கள் என்றே அர்த்தம்.

இந்தக் கதை அமலோற்பவத்தைப் பற்றியது. அமலி என்றுதான் கூப்பிடுவோம். பஜாரில் மூன்று மாடி ஜவுளிக்கடை, அதில் மூன்றாவது மாடியில் பட்டுச் சேலைப் பிரிவு, அங்கே காலையிலிருந்து ராத்திரி கடை சாத்துகிற வரைக்கும் நின்றுகொண்டே இருப்பது அவள் வேலை. வருகிற பெண்கள் கேட்கிற சேலையைப் பிரித்து, உதறி, தன் தோளில் போட்டு, முந்தியை விரித்துக் காட்டி, அது பிடிக்காமல் போனால் மடித்து, அடுத்ததைப் போட்டுக் காட்டுவாள். படம் வரைவது அவளுக்குப் பிறந்ததிலிருந்து வந்த வழக்கம், ஆனால் ஒரு படத்தையாவது முடித்ததில்லை. முக்கால் வரைந்த மாடு, பாதி வரைந்த மாதா, கூரை மட்டும் இருக்கிற ஸ்டேஷன் என்று வீடு முழுக்க அடுக்கி வைத்திருந்ததால் எங்கள் வாயில் அவள் அரைப்பட அமலி ஆகிவிட்டாள். நாங்கள் கேலிக்குத்தான் சொன்னோம், அவளுக்கு அது வலித்திருக்கிறது.

வாளிப் பொழுது கிடைக்க ஆரம்பித்ததும் அவள் ஒரு பெரிய துணியை இழுத்துக் கட்டி, தன் மூன்றாவது மாடியையே வரையத் தொடங்கினாள். வெள்ளை மெத்தையில் வட்டமாக உட்கார்ந்திருக்கிற பெண்கள், குவிந்து கிடக்கிற பட்டு, பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து கண் செருகிப்போன புருஷன்மார்கள், நடுவில் தோளில் கிளிப்பச்சைப் பட்டோடு நிற்கிற விற்பனைப் பெண். ஆவணியில் கண்காட்சி என்று வைரமணி நாள் குறித்துவிட்டார். ஆவணி தாண்டினால் தீபாவளி வியாபாரம், அப்புறம் தை வரை முகூர்த்தச் சேலை, அமலிக்கு மூச்சு விட முடியாது. இந்தப் படமும் அரையாகப் போனால் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு இனி அந்தப் பக்கமே திரும்பப் போவதில்லை என்று அவள் வைரமணியிடம் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள் என்பது வைரமணிக்குத் தெரியும்.

ஆனால் அவளுக்கு வாய்த்த பொழுதெல்லாம் கோளாறாகவே இருந்தது. பஸ் ஸ்டாப் பொழுதில் வண்ணம் வழிந்தது, தாலுகா ஆபீஸ் பொழுதில் சேலை வாங்க வந்த பெண்கள் அத்தனை பேரும் முறைத்தார்கள். அப்போதுதான் ஆனியில் ஒரு வாளி வந்தது. திறந்ததும் அறையில் வெயில் தணிந்து ஒரு குளிர்ச்சி பரவியது, முருங்கைக் கீரை வாசம் அடித்தது, யாரோ பக்கத்தில் இருப்பது மாதிரியும், அந்த யாரோ எதுவும் கேட்கப் போவதில்லை என்பது மாதிரியும் இருந்தது. அமலி அன்று வரைந்தது அதற்கு முன் அவள் வாழ்நாளில் வரைந்ததை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. வைரக்கா, தினமும் எனக்கு இதையே கொடுங்க என்று கேட்டாள். வைரமணியும் சுயம்புவிடம் சொல்லி, தினமும் அதே வீட்டில் வாங்கி வந்து அந்த வாளியை அமலிக்கென்று ஒதுக்கிவிட்டார். ஆடி முடிவதற்குள் மெத்தை முடிந்தது, பெண்கள் முடிந்தார்கள், புருஷன்மார்கள் கொட்டாவியோடு முடிந்தார்கள். நடுவில் நிற்கிறவளின் முகம் மட்டும் பாக்கி.

அந்த வாளி டி.டி.ஆர். சங்கரபாண்டியன் வீட்டிலிருந்து வந்தது. அவர் வேலையில் இருந்த காலமெல்லாம் ரயிலிலேயே கழித்தவர், வீட்டுக்கு வந்தால் தூங்குவார், எழுந்தால் ரயிலுக்குப் போவார், அவருக்கும் அவர் மனைவி பூரணத்துக்கும் சேர்ந்து உட்கார ஒரு மத்தியானம்கூட வாய்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு இருவரும் தினமும் சாப்பிட்டுவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவுவார்கள். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அவர் ஒரு ஈர்க்கை எடுத்துக் கொடுப்பார், அவள் வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான். அந்த வேளையில்தான் சுயம்பு வாளியோடு வந்து, என்ன சார், பொழுது போகுதா என்று கேட்டார். அவரும் எங்கே போகுது என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் வேறெதைச் சொல்ல முடியும்? நான் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறேன் என்று வாயால் சொன்னால் கண் பட்டுவிடும். சும்மா இருக்கேன், பொழுது போகல என்பது எங்களுக்கு வணக்கம் சொல்கிற மாதிரி ஒரு பேச்சு, அதைச் சொல்கிறவரும் நம்புவதில்லை, கேட்கிறவரும் நம்புவதில்லை. வாளிக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பிட்டுக் கைகழுவினால் விளக்கேற்றுகிற வேளையாக இருந்தது. கீரை உருவியபடியே கிடந்தது, உருவியது ஞாபகத்தில் இல்லை. வயசாகிவிட்டது, கண்ணசந்துவிடுகிறேன் போலிருக்கிறது என்று சங்கரபாண்டியன் நினைத்துக்கொண்டார். பிறகு காரணம் பிடிபட்டபோதும் வாயைத் திறக்கவில்லை, கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது கௌரவம் இல்லை என்று மென்று விழுங்கிவிட்டார். பூரணத்துக்கு அந்தக் கௌரவம் எல்லாம் கிடையாது. ஒருநாள் காலையில் அவள் கொண்டையை முடிந்துகொண்டு நேராகக் கிடங்குக்கு வந்து, வைரமணி வாங்க என்று சொல்வதற்குள் வாசம் பிடித்துக்கொண்டே அமலியின் அறைக்குள் நுழைந்துவிட்டாள். அமலி அப்போதுதான் வாளியின் மூடியில் கை வைத்திருந்தாள், அது லேசாகத் திறந்திருந்தது.

"எங்க வீட்டு மத்தியானத்தக் காணோம்மா. இங்க இருக்குதான்னு பாக்க வந்தேன்" என்றாள் பூரணம்.

அமலி மூடியை அழுத்தினாள். வாளியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இது யாரோ சந்தோஷமா இருந்த பொழுதுன்னு எனக்கு மொத நாளே தெரியும்மா. சலிச்சுப்போன பொழுது இப்படி இருக்காது. தெரிஞ்சுதான் வாயத் தொறக்காம இருந்துட்டேன்."

பூரணம் அதற்குக் கோபப்படவில்லை. படத்தின் முன்னால் போய் நின்று பார்த்தாள், மெத்தையிலிருந்த பெண்களைப் பார்த்தாள், ஸ்டூலில் தூங்குகிறவர்களைப் பார்த்துச் சிரித்தாள். நடுவில் வெறுமையாக இருந்த இடத்தைக் காட்டி, மொகம் மட்டும் பாக்கியா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அமலி. அப்படியானால் இன்றைக்குள்ளதை வைத்துக்கொள், நாளையிலிருந்து எங்களுக்கு விட்டுவிடு என்று பூரணம் சொன்னாள். நியாயமான பேச்சு, வேறு யாராக இருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார்கள், நானாக இருந்தால் நாளைக்குள்ளதையும் சேர்த்துக் கேட்டிருப்பேன்.

"வேண்டாம்மா. இத வச்சு வரைஞ்சா அங்க உங்க மொகந்தான் வரும்" என்று சொல்லி அமலி வாளியை அவள் கையில் கொடுத்துவிட்டாள்.

அன்று சங்கரபாண்டியன் வீட்டில் இரண்டு மத்தியானம் இருந்தது. ஒரு கட்டுக் கீரை பற்றாமல் அவர் எழுந்துபோய் மரத்தில் இன்னொரு கிளை ஒடித்துக்கொண்டு வந்தார்.

வைரமணிக்கு ஆறவில்லை. கலைக்கு ஒத்தாசை செய்யக் கிளம்பி அடுத்த வீட்டுச் சந்தோஷத்தை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறோமே என்று அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார். மறுநாளிலிருந்து சுயம்பு வாளியைத் திறப்பதற்கு முன், நிஜமாவே போகலையா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்று கேட்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. இந்த ஒரு கேள்வியில் எல்லாம் கவிழ்ந்தது. யோசிக்கச் சொன்னதும் ஜனங்கள் யோசித்தார்கள். பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தவர், போகலதான், ஆனா போக வேண்டாம்னு இருக்கு என்றார். பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தவள் வாளியைத் தள்ளி வைத்தாள். டீக்கடைக்காரர் காலி பெஞ்சுகளைப் பார்த்தபடி நிற்பதே தனக்கு ஒரு சுகம் என்று அப்போதுதான் கண்டுபிடித்தார். இவ்வளவு காலம் ஓயாமல் புலம்பிய ஊரில் புலம்பலுக்கு அடியில் இத்தனை சந்தோஷம் கிடந்தது எங்களுக்கே தெரியாது. சுயம்பு காலி வாளிகளை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தார். முபாரக் மறுபடியும் கடையில் கஸ்டமருக்கும் கஸ்டமருக்கும் நடுவில் ஒரு வரி எழுதினார், தாவீது கழிவறையில் வாசித்தார், ஆவணி வந்துவிட்டது, அமலியின் படத்தில் முகம் வரவில்லை. முகத்துக்கு எடுத்த கையை வைக்காமல் ஒரே மூச்சில் போக வேண்டும், விடியற்காலையில் சமையலுக்கு நடுவே திருடுகிற பொழுதில் அது நடக்கவில்லை. அவள் பிரஷ்களைக் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றத் தொடங்கியதை வைரமணி பார்த்தார்.

சுத்தமான சலிப்பு வேண்டும், அடியில் ஒரு துளி சந்தோஷமும் இல்லாத சலிப்பு, அது எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்த வைரமணி, அந்த வாரம் பக்கத்து ஊரில் தெரிந்தவர் வீட்டுப் புத்தக வெளியீட்டுக்கு மரியாதைக்காகப் போனார். மேடையில் பத்துப் பன்னிரண்டு நாற்காலி, அத்தனையிலும் ஆள், நாலாவது ஆளாக எழுந்த ஒருவர் மைக்கைப் பிடித்து, நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் ஆரம்பித்தவர்தான். வைரமணி நாற்காலியில் நெளிந்தார், விசிறி சுற்றுவதை எண்ணினார், எதிரில் இருந்தவரின் சட்டைக் கட்டத்தை எண்ணினார், சத்தியமாகப் பொழுது போகவில்லை என்று அவருக்குப் பட்ட அந்த நிமிடத்தில் எழுந்து வெளியே வந்து சுயம்புவுக்குப் போன் போட்டார். ஒத்தாசை நடத்திய எந்த நிகழ்ச்சியிலும் சொற்பொழிவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர் அவர். இப்போது அந்தப் பேச்சாளரின் வீடு தேடிப்போய், முனைவர் சொற்கோ மாவேந்தன் என்று பலகை தொங்கிய வாசலில் நின்று, எங்கள் கண்காட்சியைத் திறந்து வைக்க வர வேண்டும் என்று கும்பிட்டார். எவ்வளவு நேரம் பேசலாம் என்று மாவேந்தன் கேட்டார். உங்க இஷ்டம் சார் என்றார் வைரமணி. மாவேந்தன் தன் வாழ்க்கையில் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஊரில் யாரிடமும் ஒளிக்கவில்லை. அமலிக்கு முகம் பாக்கி, எல்லோரும் வந்து கடைசி வரைக்கும் உட்கார்ந்து சலித்துக்கொடுக்க வேண்டும், செல்போனை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும், அது இருந்தால் பொழுது போய்விடும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். அரைப்பட அமலி என்று கூப்பிட்ட வாய் எங்களுடையதுதானே, அந்த உறுத்தலும் இருந்தது. உரக்கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்தார். கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள். சங்கரபாண்டியனும் பூரணமும் மட்டும் வரவில்லை, யாரும் அதைத் தப்பாக நினைக்கவும் இல்லை. நாற்காலிக்கு ஒன்றாகக் கீழே தூக்குவாளி, மூடி திறந்தபடி. மேடைக்குப் பின்னால் திரை, திரைக்குப் பின்னால் படம், படத்தின் முன்னால் வண்ணங்களைக் குழைத்து வைத்துக்கொண்டு அமலி.

மாவேந்தன் மைக்கைத் தட்டிப் பார்த்து, நேரமின்மை காரணமாக என்றதுமே முன்வரிசை வாளிகள் கனக்கத் தொடங்கின. கல் தோன்றி மண் தோன்றாக் காலத்திலிருந்து புறப்பட்டு அவர் நிதானமாக வந்துகொண்டிருந்தார். சுயம்புவும் ஆட்களும் குனிந்து குனிந்து நிறைந்த வாளிகளை எடுத்துப் பின்னால் கொண்டுபோனார்கள், அமலி ஒவ்வொன்றாகத் திறந்தாள். அழுத்தமான, அசையாத, யாருக்கும் வேண்டாத பொழுது அது, அதில் ஒருவர் சந்தோஷமும் இல்லை என்பதால் அவள் கை கூசாமல் எடுத்துக்கொண்டது. நெற்றி வந்தது, மூக்கு வந்தது, வாய் வந்தது. மேடையில் மாவேந்தன் மூவேந்தர்களில் முதலாமவரை முடித்து நிமிர்ந்து பார்த்தார். ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை. அவர் பேச்சு நின்றது.

இவ்வளவு வருஷம் பேசுகிறேன், இதுவரை கடைசி வரி வரை யாரும் இருந்ததில்லை, என் வீட்டுக்காரிகூட நடுவில் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள் என்று அவர் சொன்னார். பிறகு எங்கள் தலைமேல் கல்லைப் போடுகிற மாதிரி நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டார். சின்ன வயதில் எருமைகளை வரிசையாக நிறுத்தி அவற்றின் முன்னால் பேசிப் பழகியது, அதில் ஒரு எருமை மட்டும் சரியான இடத்தில் தலையாட்டியது, அதை விற்ற அன்று தான் சாப்பிடாதது. ஜனங்கள் சிரித்தார்கள், அப்புறம் மூக்கை உறிஞ்சினார்கள், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். வாளிகள் காற்றாடின. பின்னாலிருந்து சுயம்பு ஓடிவந்து, இடது கண்ணு பாக்கி நிக்குதுக்கா என்று வைரமணியின் காதில் சொன்னார்.

வைரமணி ஒரு நொடிதான் யோசித்தார். இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கணும், இப்போது பொன்னாடை போர்த்தும் நிகழ்வு என்று மைக்கில் அறிவித்துவிட்டார். ஊரில் யாருக்கெல்லாம் என்று கேட்காதீர்கள். பட்டம், பதவி, படித்த படிப்பு எல்லாவற்றோடும் பெயர் வாசிக்கப்பட்டு, அந்த ஆள் கூட்டத்தின் கடைசியிலிருந்து நடந்து வந்து, போர்த்தி, போட்டோ எடுக்கிறவர் ஃபிளாஷ் விழவில்லை என்று சொல்லி, மறுபடி போர்த்தி, போர்த்தியவருக்கு அவர் திருப்பிப் போர்த்தி, அடுத்த பெயர். உரக்கடைக்காரர் வாய்விட்டு முனகினார். கைக்குழந்தைகள்கூட ஒரே இடத்தை வெறித்துப் பார்த்தன. வாளிகள் நிறைந்து வழிந்தன, கூடத்துக் கடிகாரமே சலித்துப்போய் மெதுவாக ஓடியதாகச் சிலர் சொல்கிறார்கள், நான் அதைப் பார்க்கவில்லை, நான் அப்போது நான்காவது முறையாகப் பக்கத்து ஆளின் காதுமுடியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

திரைக்குப் பின்னாலிருந்து, முடிஞ்சிருச்சு என்று ஒரு குரல் கேட்டது. சத்தமாகக்கூட இல்லை. அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினோம், பாதி அமலிக்கு, பாதி விடுதலைக்கு. மாவேந்தனை இன்னொரு நாள் வந்து எருமைக் கதையை முடித்துத் தர வேண்டும் என்று நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

திரை விலகியது. பட்டுகளின் நடுவில், கிளிப்பச்சை முந்தியைத் தோளில் விரித்துப் பிடித்தபடி, அந்தப் பெண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நின்ற களைப்பு அந்த முகத்தில் இருந்தது, உதட்டோரம் ஒரு கேலி இருந்தது, நீங்கள் எந்தச் சேலையை எடுப்பீர்கள் என்று உங்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்ட ஒரு தெளிவு இருந்தது. முன்வரிசையில் கோமதி அக்கா நின்றாள், ஊரில் பெரிய குடும்பம், மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவள், மூன்று முகூர்த்தப் பட்டும் அந்த மூன்றாவது மாடியில் எடுத்தவள். அவள் படத்தை உற்று உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள்.

"ஏம்மா, நடுவுல நிக்குதே அந்தப் பொண்ணு, யாரது? பாத்த மொகமா இருக்கு, பிடிபட மாட்டேங்குது."

பக்கத்தில் நின்றவள் அமலி. விரல்களில் வண்ணம் காயாமல் இருந்தது.

"நான்தான்க்கா" என்றாள். "உங்க மூணு பொண்ணுக்கும் எடுத்த பட்ட எந்தோள்ல போட்டுத்தான் பாத்தீங்க."

கோமதி அக்கா திரும்பினாள். படத்தைப் பார்த்தாள், அமலியைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு அமலியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அமலியும் கண்ணைத் தாழ்த்தாமல் நின்றாள். காலி வாளியோடு அந்தப் பக்கம் வந்த சுயம்பு, பொழுது போகுதா என்று கேட்காமல், மூடியைப் போட்டுக்கொண்டு அப்பால் போய்விட்டார்.